குளிரா, சோகையா, தைரொயிட்டா?

அக்கரப்பத்தனையில் "குளிருது" என்று சொல்பவரை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே, ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் கிடக்கிற தேயிலை மலைகள் அவை. கொழுந்துக்குப் போகிற பெண் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டால் அதில் செய்தி இல்லை. கை கால் உளைகிறதா? மலை ஏறி இறங்கினால் உளையாதா. விரல் விறைக்கிறதா? நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளுகிற விரல்தானே. முகம் வெளிறியிருந்தால் இரத்தம் இல்லை. முடி கொட்டினால் தண்ணீர் சரியில்லை. ஒன்றும் ஓடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் ஏதோ மனக்கஷ்டம். தைரொயிட் சுரப்பி மந்தமாகும் நோயின் அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தில் வேறொரு விளக்கம் தயாராக இருக்கிறது. அந்த நோய் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

பாடப்புத்தகங்கள் தரும் பட்டியலை வைத்துக்கொண்டு மலையகத்தில் இந்த நோயைத் தேடினால், ஒன்று பாதிச் சனத்துக்கும் நோய் இருப்பதாகத் தோன்றும், அல்லது எவருக்கும் இல்லையென்று விட்டுவிடத் தோன்றும். அந்தப் பட்டியல் எழுதப்பட்ட இடம் வேறு. 1873இல் லண்டன் வைத்தியர் வில்லியம் கல், நடுத்தர வயதுப் பெண்கள் சிலருக்கு முகம் உப்பி, நாக்குத் தடித்து, பேச்சு இழுத்து, நடை தளர்ந்துபோவதை விவரித்து எழுதினார். கழுத்துச் சுரப்பி கெட்டதால் வருவது இது என்று தெளிவாக மேலும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1891இல் நியூகாசில் நகரத்து ஜோர்ஜ் மறே, செம்மறியாட்டுத் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசியாக ஏற்றினார். அவர் எழுந்து நடமாடி 1919 வரை, 74 வயது வரைக்கும் வாழ்ந்தார். அதற்கு 870க்கு மேற்பட்ட ஆடுகள் செலவாகின என்று மறே கணக்குக் கொடுத்திருக்கிறார். இன்று அதே வேலையை ஒரு சிறிய தைரொக்சின் குளிசை செய்கிறது. சிகிச்சையில் பெரிய சிக்கல் இல்லை. இந்த நோயின் சிக்கலெல்லாம் அதை அடையாளம் காண்பதில்தான்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருக்கும் இந்தச் சுரப்பி, நான்கு அயடின் அணுக்கள் கொண்ட தைரொக்சினைச் செய்கிறது. இதை டீ4 என்பார்கள். உடலுக்குள் ஓர் அயடின் கழன்று அது டீ3 ஆகிறது. கலங்கள் எந்த வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை அந்த டீ3தான் தீர்மானிக்கிறது. சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்று பார்த்துக்கொள்வது மூளைக்கு அடியிலிருக்கும் கபச்சுரப்பி. கொழுந்து நிறை குறைந்தால் கங்காணியின் குரல் உயர்வதைப் போல, இரத்தத்தில் தைரொக்சின் குறையத் தொடங்கினால் கபச்சுரப்பி டீ.எஸ்.எச். என்ற ஓமோனைக் கூடுதலாக அனுப்பும். அந்தக் குரல் படிப்படியாக உயர்வதில்லை. தைரொக்சின் பாதியாகக் குறைந்தால் டீ.எஸ்.எச். நூறு மடங்கு வரை ஏறக்கூடும். தைரொக்சின் அளவு இன்னும் "சாதாரணம்" என்ற எல்லைக்குள் இருக்கும்போதே டீ.எஸ்.எச். எகிறிவிடும். அதனால்தான் வைத்தியர்கள் முதலில் அதைப் பார்க்கச் சொல்கிறார்கள். சாதாரண அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கங்காணிக்குக் குரல் இருக்க வேண்டும். குரலே போய்விட்டவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதப்படுகிறது.

இலங்கையில் தைரொயிட் என்றதும் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது கழுத்துக் கழலை. ஈரவலயத்தில் மழை மண்ணிலிருக்கும் அயடினை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. அயடின் போதாத சுரப்பி, கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள வீங்குகிறது. 1980களின் பிற்பகுதியில் பெர்னாண்டோ குழுவினர் 17 மாவட்டங்களில் ஏறத்தாழ 59,000 பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. மாத்தளையில் 6.5, களுத்துறையில் 30.2. பின்னர் 1995 முதல் உணவுக்கான உப்பில் அயடின் சேர்ப்பது சட்டப்படி கட்டாயமானது. நம் நாட்டுப் பொதுச் சுகாதாரம் ஓசையில்லாமல் செய்து முடித்த பெரிய காரியங்களில் ஒன்று அது. ஆனால் அதற்குப் பிறகு கதை திரும்பியது. பிரேமவர்தன, லாசரஸ் ஆகியோர் அடங்கிய குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பாடசாலை மாணவிகள் பலருடைய இரத்தத்தில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. அயடின் திடீரெனக் கூடியதுதான் காரணமோ என்று அந்த ஆய்வே கேள்வி எழுப்பியது.

இன்று வளர்ந்தவர்களுக்கு தைரொயிட் மந்தமாவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி மெல்ல அழிப்பது. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோவின் பெயரால் இந்த நோய் அழைக்கப்படுகிறது. "கழுத்து வீங்கல, அதனால தைரொயிட் இல்ல" என்ற பேச்சு இன்னும் லயங்களில் கேட்கிறது. அது பழைய நோய்க்கான அளவுகோல். ஹஷிமோட்டோவில் சுரப்பி வீங்கவும் செய்யலாம், சுருங்கியும் போகலாம். தடவிப் பார்த்து ஒன்றும் தட்டுப்படாத கழுத்துக்குள் சுரப்பி முக்கால்வாசி போயிருக்கலாம்.

மலையகத்தில் இந்த நோயை மறைக்கிற மிகப் பெரிய திரை இரத்தச்சோகை. களைத்துப்போய் வருகிற பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, வெளிறியிருந்தால் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்புவது தோட்ட டிஸ்பென்சரிகளின் நெடுநாள் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சோகை இங்கே பரவலானது, அதற்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். தவறு எங்கே நிகழ்கிறது என்றால், சோகையைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடுவதில். இந்த இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் நோய்கள் அல்ல. ஒன்றை ஒன்று வளர்க்கிற நோய்கள்.

தைரொயிட் மந்தமானால் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகும். மாதாமாதம் இரும்பு வெளியே போகும். எலும்பு மச்சையில் செங்குருதிக் கலங்கள் உருவாகும் வேகமும் தளரும். ஹஷிமோட்டோ உள்ளவர்கள் சிலருக்கு இரைப்பையிலும் அதே மாதிரியான தாக்குதல் நடந்து, விற்றமின் பி12 உடலில் சேராமல் போகும். இதெல்லாம் தைரொயிட்டிலிருந்து சோகைக்குப் போகும் வழிகள். எதிர்த் திசையிலும் ஒரு வழி உண்டு. அயடினைத் தைரொக்சினாகக் கட்டுகிற நொதியத்துக்கு இரும்பு வேண்டும். ஐவரி கோஸ்டில் கழலை உள்ள பிள்ளைகளிடம் விஞ்ஞானி மைக்கேல் சிம்மர்மன் குழு செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு அயடின் கொடுத்தாலும் கழலை சரியாக வற்றவில்லை; இரும்பும் சேர்த்துக் கொடுத்த பிறகு வற்றியது. ஆகவே ஒழுங்காக மூன்று மாதம் இரும்புக் குளிசை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணுக்கு, இன்னும் மூன்று மாதக் குளிசை எழுதுவது பதிலல்ல. தேநீரோடு குளிசை விழுங்குகிறாரா, வயிற்றில் பூச்சியா என்று கேட்கிற அதே மூச்சில் டீ.எஸ்.எச். பார்க்கவும் அனுப்ப வேண்டும்.

ஆய்வுகூடம் இல்லாத இடத்திலும் ஓரளவு பிரித்தறிய முடியும். எனக்குப் பிடித்தது நாடி. சோகையில் இருதயம் குறைந்த இரத்தத்தை வேகமாகச் சுற்ற விடுவதால் நாடி விரைவாக ஓடும். தைரொயிட் மந்தத்தில் நாடி நிதானப்படும். முகம் வெளிறி, நாடி அறுபதுக்கும் கீழே அடிக்கிற பெண்ணைச் சோகை என்று மட்டும் எழுதி அனுப்புவது கணக்கில் உதைக்கிறது. அடுத்தது குதிகாலுக்கு மேலேயுள்ள தசைநாரைச் சிறு சுத்தியலால் தட்டுவது. பாதம் சட்டென்று அசைந்து, திரும்பி வரும்போது மட்டும் தயங்கினால் அது தைரொயிட்டை நோக்கிக் கைகாட்டும். கரகரத்துத் தடித்த குரலைக் குளிரும் தராது, சோகையும் தராது. முகமும் கண்ணிமையும் உப்பியிருந்து, அழுத்தினால் குழி விழாமலிருப்பதும் அப்படியே. இந்த அடையாளங்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சோகையும் தைரொயிட்டும் சேர்ந்திருக்கும் உடலில் நாடி நடுவில் நின்று ஏமாற்றவும் கூடும்.

கேள்வி கேட்பதிலும் நுட்பம் உண்டு. "குளிருதா?" என்று கேட்டால் அக்கரப்பத்தனையில் யார் இல்லையென்பார்கள்? "மத்தவங்க ஸ்வெட்டரைக் கழட்டுற பகல் வெயில்லயும் உங்களுக்கு மட்டும் குளிருதா அக்கா? போன வருஷமும் இப்படித்தானா?" என்று கேட்க வேண்டும். முன்பு நிறைய எடுத்த கை இப்போது அரைப்பேருக்கே, அதாவது அரைநாள் சம்பளத்துக்கே, திணறுகிறது என்றால், நிறை எழுதுகிற துண்டே ஒரு மருத்துவக் குறிப்புதான். விரல் விறைப்பும் அப்படி. தைரொயிட் மந்தத்தில் மணிக்கட்டுக்குள் திசு வீங்கி நரம்பை நெருக்கும். இரவில் விரல் மரத்து, கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கச் செய்யும். கொழுந்து கிள்ளியதால் வந்ததென்று பனடோலும் தைலமுமாகப் பல வருடம் ஓடிவிடும்.

மனநிலையையும் விட முடியாது. லண்டன் வைத்தியர் ரிச்சர்ட் ஆஷர் 1949இல், தைரொயிட் மந்தத்தால் புத்தி பேதலித்த 14 பேரைப் பற்றி எழுதினார். தைரொயிட் மருந்தில் தெளிந்தவர்கள் அவர்களில் பலர். நம் பக்கத்தில் இப்படிப்பட்டவரை முதலில் கோடாங்கியிடம்தான் கூட்டிப்போவார்கள். போகட்டும், திரும்பி வரும் வழியில் ஒரு இரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டால் போதும்.

இப்போது குரல் போன கங்காணியிடம் வருவோம்.

கர்ப்ப காலத்தில் கபச்சுரப்பி பெருக்கும். ஆனால் அதற்கு வரும் இரத்தம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போய் அமுக்கம் விழுந்தால், அந்தச் சுரப்பியின் ஒரு பகுதி இரத்தம் கிடைக்காமல் செத்துப்போகலாம். 1937இல் ஹரோல்ட் ஷீஹன் இதை விளக்கினார். இன்று நல்ல பிரசவ வசதி உள்ள நாடுகளில் இது அரிது. லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சியோடு பிள்ளை பெற்ற தலைமுறையும், மழை இரவில் லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்ட தாய்மாரும் இன்னும் வாழ்கிற மலைநாட்டில் இதை அரிதென்று மறந்துவிட முடியாது. அடையாளங்கள் வரிசையாக வரும். பிரசவத்துக்குப் பின் பால் சுரக்காது. மாதவிடாய் திரும்பாது. கக்கத்து மயிர் உதிர்ந்து மறுபடி முளைக்காது. பிறகு பல ஆண்டுகள் ஒரு ஓயாத களைப்பு, அடிக்கடி மயக்கம், வெளிறிய மெழுகு போன்ற தோல். "அந்தப் பிள்ளைக்குப் பொறவு அவ எழும்பவே இல்ல" என்று வீட்டார் சொல்வார்கள். அந்த ஒரு வசனத்திலேயே நோய் இருக்கிறது.

இந்தப் பெண்ணுக்கு டீ.எஸ்.எச். மட்டும் பார்த்தால் அறிக்கை "சாதாரணம்" என்றே வரலாம். தைரொக்சின் அடிமட்டத்தில் கிடக்கும். ஆனால் அதைக் கண்டு குரல் எழுப்ப வேண்டிய சுரப்பியே இல்லை. கையில் சாதாரணம் என்று அச்சடித்த தாள் இருப்பதால், அவருக்குத் தைரொயிட் இல்லை என்ற முடிவு பல வருடங்களுக்கு நிலைத்துவிடும். ஃப்ரீ டீ4 என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். அது குறைவாகவும் டீ.எஸ்.எச். குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்தால், கோளாறு கழுத்தில் இல்லை, தலைக்குள்ளே.

இதில் உயிராபத்தும் உண்டு. கபச்சுரப்பி செத்தால் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அதிரீனல் சுரப்பியை இயக்கும் ஓமோனும் நின்றுபோயிருக்கும். அதிரீனல் சுரக்கும் கோர்ட்டிசோலைச் சரிசெய்யாமல் தைரொக்சினை முதலில் கொடுத்தால், உடல் மிச்சமிருக்கும் கோர்ட்டிசோலை வேகமாகச் செலவழித்து அமுக்கம் விழுந்து சாகக்கூடும். முதலில் ஹைட்ரோகோர்ட்டிசோன், பிறகுதான் தைரொக்சின். தைரொயிட் குறைவு என்று கண்டால் மட்டும் போதாது, எந்த வகைக் குறைவு என்றும் தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மறுபக்கத்துத் தவறு நகரத்தில் அதிகம், இப்போது தோட்டத்துக்கும் வருகிறது. ஏதோ ஒரு முழுப் பரிசோதனைப் பொதியில் டீ.எஸ்.எச். 6 என்று வரும். அன்றே "தைரொயிட் நோயாளி" என்று எழுதி ஆயுளுக்கும் குளிசை தொடங்கிவிடும். ஃப்ரீ டீ4 சாதாரணமாக இருந்து டீ.எஸ்.எச். மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தால், அவசரமில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 2007இல் இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வில், இப்படி இலேசாக உயர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மருந்தில்லாமலே அளவு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. காய்ச்சலோ நியூமோனியாவோ வந்து தேறிவருகிற வாரங்களில் டீ.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். இரவிலும் விடியலிலும் அது உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கும். எனவே முதல் முறை காலையில் எடுத்தால் மறுமுறையும் காலையிலேயே எடுப்பது நல்லது. முதியவர்களுக்கு அளவு சற்று உயர்ந்திருப்பது வயதோடு வருவது. 65 வயதைத் தாண்டிய, இலேசாக டீ.எஸ்.எச். உயர்ந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தி 2017இல் வெளியான பரீட்சையில், தைரொக்சின் கொடுத்தவர்களுக்கும் வெறும் குளிசை கொடுத்தவர்களுக்கும் களைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. டீ.எஸ்.எச். 10ஐத் தாண்டினால், ஃப்ரீ டீ4 குறைந்தால், கர்ப்பம் தரித்திருந்தால் அல்லது தரிக்க முயன்றால் கணக்கு வேறு. அங்கே தாமதிக்கக் கூடாது. தாயின் தைரொக்சினில்தான் கருவின் மூளை முதல் மாதங்களில் வளர்கிறது.

இன்னொரு பொறி முடி கொட்டுகிறதென்று வாங்கிச் சாப்பிடுகிற பயோட்டின் குளிசை. மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளோ தங்கையோ அனுப்பிவைக்கிற விற்றமின் போத்தல்களில் அது தாராளமாக இருக்கும். பல ஆய்வுகூடக் கருவிகள் பயோட்டினைப் பிடிமானமாக வைத்தே அளக்கின்றன. இரத்தத்தில் அது மிதந்தால் டீ.எஸ்.எச். இல்லாத அளவுக்குக் குறைந்தும், டீ4 கூடியும் தெரியும். தைரொயிட் மந்தத்தால் முடி கொட்டியவர், அதற்கு எடுத்த குளிசையாலேயே தைரொயிட் மிகைத்தவராக அறிக்கையில் மாறிவிடுவார். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளுக்கு முன்பாவது அதை நிறுத்த வேண்டும்.

பிறந்த குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தைரொயிட் சுரப்பியே இல்லாமல் சில குழந்தைகள் பிறக்கின்றன. அதிகம் அழாது, நன்றாகத் தூங்கும், மஞ்சள் வாரக்கணக்கில் நீடிக்கும், மலம் இறுகும். "சமத்துப் பிள்ளை" என்று கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே மூளை வளர்ச்சி நின்றுபோகும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடிக்கும் திட்டம் 2010இல் தென் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. பிறந்த முதல் நாளில் டீ.எஸ்.எச். இயல்பாகவே துள்ளி ஏறுமென்பதால் 24 மணி நேரம் கழித்தே எடுப்பார்கள். "வீட்டுக்குப் போகணும், துண்டு வெட்டுங்க" என்று அதற்குள் அவசரப்படுத்தாதீர்கள்.

நோய் சரியாகக் கண்டறியப்பட்ட பிறகும் ஒரு சறுக்கல் மலையகத்தில் காத்திருக்கிறது. கிளினிக்கில் இரும்புக் குளிசையும் தைரொக்சினும் ஒரே பையில் கிடைக்கும். விடிகாலை மலைக்குப் போகும் அவசரத்தில் இரண்டையும் ஒரே மடக்கில் பால்தேநீரோடு விழுங்குவார்கள். இரும்பு தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். டீ.எஸ்.எச். இறங்காது, மருந்து போதவில்லையென்று வைத்தியர் அளவைக் கூட்டுவார். பிறகொரு நாள் இரும்பை நிறுத்தும்போது கூட்டிய அளவு முழுவதும் உடலில் சேர்ந்து நெஞ்சு படபடக்கும். தைரொக்சின் விடிந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அரை மணி நேரமாவது கழித்துத் தேநீர். இரும்பும் கல்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி. தைரொக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகிறது என்பதால், அளவை மாற்றினால் ஆறு வாரத்துக்கு முன் மறுபரிசோதனை செய்வதில் பயனில்லை.

டீ.எஸ்.எச். தோட்ட டிஸ்பென்சரியில் பார்க்கக்கூடியதல்ல. அதற்காக நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ போய்வந்தால் ஒரு நாள் பேர் போகும். அந்த நாளை வீணாக்காமலிருக்க நோயாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் பிரசவத்தில் அதிகமாக இரத்தம் போனது, அதற்குப் பின் பால் சுரந்ததா, மாதவிடாய் வந்ததா; இப்போது விழுங்குகிற எல்லாக் குளிசைகளும், கடையில் வாங்கியது உட்பட; இரும்புக் குளிசை எத்தனை மாதமாக எடுத்தும் இரத்தம் ஏறவில்லை என்பது. முதல் கேள்விக்கு உங்கள் பதில் பயமுறுத்துவதாக இருந்தால், "டீ.எஸ்.எச்.சோட ஃப்ரீ டீ4உம் சேர்த்துப் பார்ப்போமா டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.